சிப் கெபாசிட்டர், இண்டக்டர் உள்ள மைக்ரோவேவ் போர்டை இஎம் சிமுலேஷனில் ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வெறும் மைக்ரோஸ்ட்ரிப் லைனை (போர்டின் மேல் ஓடும் காப்பர் பட்டை, அடியில் கிரவுண்ட்) இஎம் சிமுலேஷனில், அதாவது மின்காந்தப் புலத்தைக் கணக்கிடும் மென்பொருளில், நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள்கூட, அதே போர்டில் நாலு சிப் காம்பொனென்ட் ஏறியதும் தடுமாறிவிடுகிறார்கள். பாளையங்கோட்டையில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மென்பொருளின் பட்டன்கள் யாருக்கும் பெரிய சிக்கல் இல்லை. போர்டில் எந்தப் பகுதியை இஎம் சால்வர் (புலத்தைக் கணக்கிடும் நிரல்) கணக்கிட வேண்டும், எதைக் காம்பொனென்ட் மாடல் கணக்கிட வேண்டும் என்று யாரும் முதலிலேயே தீர்மானிப்பதில்லை. "அண்ணாச்சி, சிமுலேஷன்ல பூரா சரியாத்தான வருது, போர்டுல மட்டும் ஏன் இப்படி நிக்கி?" என்ற கேள்வியின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரே சர்க்யூட்டைக் கடைசி வரை பிடித்துக்கொள்வோம்: 1 கிகாஹெர்ட்ஸ் கட்-ஆஃப் உள்ள மூன்றாம் நிலை பட்டர்வொர்த் லோ-பாஸ் ஃபில்டர். லைனிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு கெபாசிட்டர், அடுத்து தொடரில் ஒரு இண்டக்டர், மறுபடி கிரவுண்டுக்கு ஒரு கெபாசிட்டர். போர்டு 1.6 மி.மீ. எஃப்ஆர்4 (வழக்கமான கண்ணாடியிழை போர்டு). காம்பொனென்ட் அளவு 0603.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

போர்டு செய்து தரும் நிறுவனத்தின் அடுக்கு விவரம் முதலில் வேண்டும்: டைஎலெக்ட்ரிக் தடிமன், காப்பர் தடிமன், வியா (மேல் காப்பரைக் கீழ்க் கிரவுண்டோடு இணைக்கும் உலோகத் துளை) துளையின் விட்டம். எஃப்ஆர்4 என்று மட்டும் எழுதியிருந்தால் டைஎலெக்ட்ரிக் மாறிலி 4.4, லாஸ் டேன்ஜென்ட் (டைஎலெக்ட்ரிக்கின் இழப்பளவு) 0.02 என்று தொடங்கலாம். உண்மை மதிப்பு போர்டுக்குப் போர்டு மாறும். அதனால் 4.2-க்கும் 4.7-க்கும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கத் தயாராக இருங்கள்.

அடுத்து, காம்பொனென்ட்டின் முழுப் பார்ட் நம்பர். '3.3 பைக்கோஃபாரட் கெபாசிட்டர்' என்பது பார்ட் நம்பர் ஆகாது. நெல்லையில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் 0603 அளவில் சி0ஜி ரகத்தை (வெப்பத்தால் மதிப்பு அதிகம் மாறாத கெபாசிட்டர்) கேட்டு வாங்குவது கடினம், எப்படியும் ஆன்லைனில்தான் வரவழைப்பீர்கள். வரவழைக்கப் போகும் பார்ட்டுக்கே முராட்டா, காயில்கிராஃப்ட் போன்ற தயாரிப்பாளர்களின் தளத்தில் எஸ்-பாராமீட்டர் கோப்பு (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் சிக்னல் எவ்வளவு கடக்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்ற அட்டவணை) கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். வாங்கிய பிறகு கோப்பைத் தேடுவது தலைகீழ் வேலை.

அளவுப் பெயரில் ஒரு பொறி உண்டு. அங்குலக் கணக்கில் 0603 என்பது 1.6 × 0.8 மி.மீ. மெட்ரிக் கணக்கில் அதே 0603 என்பது 0.6 × 0.3 மி.மீ., அதாவது அங்குலக் கணக்கின் 0201. கீகேட் நூலகத்தில் இரண்டும் ஒரே பெயரில் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும், அவசரத்தில் மாற்றி எடுத்துவிடுவார்கள்.

மென்பொருளுக்குக் காசு இல்லை என்பது தடையே இல்லை. இஎம்-க்கு ஓப்பன்இஎம்எஸ், சர்க்யூட்டுக்கு க்யூக்ஸ்-எஸ், எஸ்-பாராமீட்டர் கணக்குக்குப் பைத்தானில் சைகிட்-ஆர்எஃப் மூன்றும் இலவசம், சாதாரண லேப்டாப் போதும். கல்லூரி லேபில் ஹெச்எஃப்எஸ்எஸ் அல்லது சிஎஸ்டி போன்ற கட்டண இஎம் மென்பொருள் இருந்தாலும் கீழே சொல்லும் வரிசை மாறாது.

2. ஐடியல் சர்க்யூட்டை முதலில் முடியுங்கள்

இஎம் மென்பொருளைத் திறக்காமல், சர்க்யூட் சிமுலேட்டரில் ஐடியல் மதிப்புகளைப் போட்டு ஓட்டுங்கள். 50 ஓம் அமைப்பில் நம் ஃபில்டருக்குக் கெபாசிட்டர் 3.18 பைக்கோஃபாரட், இண்டக்டர் 15.9 நானோஹென்றி. 2 கிகாஹெர்ட்ஸில் 18 டெசிபெல், 4 கிகாஹெர்ட்ஸில் 36 டெசிபெல் தடுப்பு வரும். இந்தக் கோட்டைச் சேமித்து வையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவையும் இதன் மேல் வைத்துத்தான் பார்ப்போம்.

இதையே முடிவு என்று எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் அதிர்வெண். திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இயங்கிய ரேடாரின் அதிர்வெண் 1.98 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 151 மீட்டர். அந்த அதிர்வெண்ணில் ஒரு வியாவின் அரை நானோஹென்றி என்பது ஓமில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. நம் போர்டில் 0.3 மி.மீ. விட்டமுள்ள ஒற்றை வியா, 1.6 மி.மீ. உயரத்துக்குச் சுமார் 0.54 நானோஹென்றி. 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 8 ஓம். கிரவுண்டு என்று நினைத்த இடம் கிரவுண்டாக இருக்காது.

3. எல்லைக்கோட்டைப் போடுங்கள்

இதுதான் முக்கியமான படி. தாளில் ஒரு காம்பொனென்ட்டின் பக்கவாட்டுப் படம் வரையுங்கள்: இரண்டு பேட் (சிப்பைச் சாலிடர் செய்யும் காப்பர் பரப்பு), நடுவில் இடைவெளி, மேலே சிப், கீழே சப்ஸ்ட்ரேட், அடியில் கிரவுண்ட் பிளேன். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் 'இஎம்' அல்லது 'மாடல்' என்று எழுதுங்கள். எந்தப் பகுதிக்கும் இரண்டு பெயர் வரக்கூடாது, பெயர் இல்லாமலும் இருக்கக்கூடாது.

லைன், பேட், வியா, பேட்களுக்கு இடையிலான இடைவெளி எல்லாம் இஎம் பக்கம். சிப்புக்குள் இருக்கும் மின்தேக்கம், சுருள், உள் இழப்பு மாடல் பக்கம். இது வரை எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். தகராறு வருவது சிப்பின் உடல் வழியாக ஓடும் மின்னோட்டத்தின் இண்டக்டன்ஸில்.

கெபாசிட்டரின் இஎஸ்எல் (அதோடு தொடரில் இருக்கும் இண்டக்டன்ஸ்) என்று நாம் சொல்வதை அந்தக் கெபாசிட்டரின் நிலையான குணம் என்று நம்பிவிடுகிறோம். பெரும்பகுதி அப்படி இல்லை. 0.8 மி.மீ. அகலமுள்ள ஒரு பட்டை, 1.6 மி.மீ. எஃப்ஆர்4 மேல் இருந்தால் மைக்ரோஸ்ட்ரிப் சூத்திரப்படி ஒவ்வொரு மி.மீ.க்கும் சுமார் 0.55 நானோஹென்றி. அதே பட்டை 0.2 மி.மீ. டைஎலெக்ட்ரிக் மேல் இருந்தால் 0.19 மட்டுமே. ஆக, ஒரே சிப்பைப் பல அடுக்கு போர்டில் வைத்தால் அதன் இஎஸ்எல் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிடும். திரும்பி ஓடும் மின்னோட்டம் எவ்வளவு கீழே ஓடுகிறது என்பதுதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது.

இப்போது யோசியுங்கள். இடைவெளியின் குறுக்கே போர்ட் (சால்வர் சிக்னலைச் செலுத்தி அளக்கும் இடம்) வைத்து இஎம் ஓட்டினால், அந்த 0.8 மி.மீ. இடைவெளியில் மின்னோட்டம் ஓடும் பாதையின் இண்டக்டன்ஸை, சுமார் 0.44 நானோஹென்றியை, சால்வர் ஏற்கெனவே எண்ணிவிட்டது. தயாரிப்பாளரின் கோப்பிலும் அவர்கள் போர்டில் வைத்து அளந்த இஎஸ்எல் இருக்கிறது. இரண்டையும் அப்படியே சேர்த்தால், ஒரே வரவை இரண்டு பேரேட்டில் எழுதிவிட்டு லாபம் பார்த்த கதை.

நம் ஃபில்டரில் இதன் விளைவு கண்ணுக்குத் தெரியும். போர்டில் ஏறிய சிப்பின் இண்டக்டன்ஸ் 0.6 நானோஹென்றி, வியா 0.54 என்று வைத்துக்கொள்வோம். 3.3 பைக்கோஃபாரட்டோடு சேர்ந்து இது 2.6 கிகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்ந்து, எஸ்21-இல் (உள்ளீட்டிலிருந்து வெளியீட்டுக்குக் கடக்கும் அளவு) ஆழமான பள்ளம் விழும். 0.44-ஐ இரண்டு முறை எண்ணினால் அந்தப் பள்ளம் 2.2 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். வியாவை மறந்தால் 3.6-க்கு ஏறிவிடும். ஐடியல் கோட்டில் பள்ளமே கிடையாது. பள்ளம் எங்கே விழுகிறது என்பதை வைத்தே எந்தக் கணக்கு விட்டுப்போனது என்று சொல்லிவிடலாம்.

4. காம்பொனென்ட் இஎம் உள்ளேயா, வெளியேயா

இரண்டு வழி உண்டு. இஎம் மாடலுக்குள்ளேயே லம்ப்டு ஆர்எல்சி எலிமென்டாக (ஒரே இடத்தில் இருப்பதாகக் கருதும் ரெசிஸ்டர், இண்டக்டர், கெபாசிட்டர்) வைப்பது ஒன்று. காம்பொனென்ட் இருக்க வேண்டிய இடத்தில் உள் போர்ட் வைத்து, பல போர்ட் எஸ்-பாராமீட்டர் கோப்பை எடுத்து, காம்பொனென்ட்டைப் பிறகு சர்க்யூட் சிமுலேட்டரில் இணைப்பது மற்றது.

முதல் வழி, பயாஸ் லைனில் ஒரு ரெசிஸ்டர், ஒரு பைபாஸ் கெபாசிட்டர் என்று மதிப்பு மாறாத இடங்களுக்குப் போதும். அதிலும் எச்சரிக்கை தேவை. ஹெச்எஃப்எஸ்எஸ்-இன் லம்ப்டு ஆர்எல்சி எல்லை, தொடர் என்று நாம் மாற்றாவிட்டால் (பழைய பதிப்புகளில் அந்தத் தேர்வே இல்லை) ஆர், எல், சி மூன்றையும் இணையாகத்தான் எடுத்துக்கொள்ளும். கெபாசிட்டரின் இஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ்), இஎஸ்எல் தொடரில் இருப்பவை. அவற்றை அந்தக் கட்டங்களில் நேராகப் போட்டால் 0.1 ஓம் ரெசிஸ்டர் கெபாசிட்டருக்கு இணையாக உட்கார்ந்து, இணைப்பையே ஷார்ட் செய்துவிடும். சிஎஸ்டி-யிலும் தொடரா இணையா என்று தேர்ந்தெடுக்கலாம், அந்தத் தேர்வைப் பார்க்காமல் கடந்துவிடாதீர்கள்.

ஃபில்டர், மேட்சிங் நெட்வொர்க், ஆம்ப்ளிஃபையர் என்றால் இரண்டாவது வழிதான் என் தேர்வு. மதிப்பை மாற்றிப் பார்க்க ஒவ்வொரு முறையும் இஎம் ஓட்ட வேண்டியதில்லை. ஒருமுறை ஓட்டியதை வைத்துக்கொண்டு கெபாசிட்டர் மதிப்புகளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ஒவ்வொன்றும் சில நொடிதான்.

இரண்டு வழிக்கும் பொதுவான குறை ஒன்று: சுருள் இண்டக்டருக்கு வெளியே பரவும் காந்தப்புலத்தைச் சால்வர் அறியாது. இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவற்றின் இணைப்பு முடிவில் தெரியாது. ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பி வைப்பது அல்லது தள்ளி வைப்பதுதான் வழி.

5. லேஅவுட்டை வரையுங்கள்

கீகேட்டிலிருந்து முழு போர்டையும் இறக்குமதி செய்து ஓட்ட ஆசை வரும். வேண்டாம். சில்க்ஸ்கிரீன், பவர் லைன், எழுத்துகள் எல்லாவற்றையும் நீக்குங்கள். சிக்னல் பாதை, அதைச் சுற்றியுள்ள கிரவுண்ட், வியா மட்டும் போதும். வளைந்த மூலைகளும் தேவையற்ற புள்ளிகளும் மெஷ்ஷைத்தான் (சால்வர் போர்டைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலை) வீங்க வைக்கும்.

1.6 மி.மீ. எஃப்ஆர்4-இல் 50 ஓம் லைனின் அகலம் சுமார் 3 மி.மீ. 0603 பேட் அதைவிட மிகக் குறுகியது. லைன் சட்டென்று ஒடுங்கும் அந்த இடத்தை இருக்கிறபடியே வரையுங்கள், அதுவும் இஎம்-இன் வேலை. காப்பரைத் தடிமன் இல்லாத தாளாக எடுத்துக்கொள்ளலாம், முதல் ஓட்டத்தில் இழப்பில்லாத உலோகமாகவும் வைக்கலாம். இந்த போர்டில் டைஎலெக்ட்ரிக் இழப்புதான் பெரியது: 50 ஓம் லைனுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் சென்டிமீட்டருக்கு 0.07 டெசிபெல் அளவு.

வியாவை மட்டும் எளிமையாக்க வேண்டாம். சிலர் கெபாசிட்டரின் கிரவுண்ட் பேட்டை அப்படியே அகலமான உலோகச் சுவராகக் கீழே இறக்கிவிடுவார்கள். இண்டக்டன்ஸ் பாதிக்கும் கீழே போய், பள்ளம் மேலே ஓடிவிடும்.

6. போர்ட் வைப்பது

வெளிப் போர்ட் இரண்டு: உள்ளீடு, வெளியீடு. இவற்றை ஃபில்டரின் பேட்டுக்கு மிக அருகில் வைக்காதீர்கள். சப்ஸ்ட்ரேட் தடிமனைப் போல ஐந்தாறு மடங்காவது லைன் விட்டு வைத்து, பிறகு ரெஃபரன்ஸ் பிளேனை (அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்ற கோடு) உள்ளே நகர்த்துங்கள். போர்ட் அருகே புலம் நிலைகொள்ளச் சற்றுத் தூரம் தேவை.

உள் போர்ட் விஷயத்தில்தான் இரண்டு கட்சி. இடைவெளியின் குறுக்கே பேட்டிலிருந்து பேட்டுக்கு ஒரே போர்ட் வைப்பது ஒரு முறை. ஒவ்வொரு பேட்டிலிருந்தும் கிரவுண்டுக்குத் தனித்தனிப் போர்ட் வைத்து, காம்பொனென்ட்டுக்கு இரண்டு போர்ட் ஆக்குவது மற்றது.

இரண்டாவது முறையில் தயாரிப்பாளரின் எஸ்2பி (இரண்டு போர்ட் எஸ்-பாராமீட்டர்) கோப்பை அப்படியே செருகலாம் என்பது வசதி. ஆனால் பேட்டிலிருந்து 1.6 மி.மீ. கீழே இறங்கும் அந்தப் போர்ட்டுக்கே ஒரு வியா அளவு இண்டக்டன்ஸ் உண்டு. சானெட் போன்ற மென்பொருள்கள் உள் போர்ட்டைச் சீரமைத்து அதைக் கழித்துத் தருகின்றன. ஓப்பன்இஎம்எஸ், ஹெச்எஃப்எஸ்எஸ் இவற்றின் சாதாரண லம்ப்டு போர்ட்டில் அந்தக் கழிப்பு நடக்காது. ஆகவே தடிமனான போர்டில், இரண்டு முனைக் காம்பொனென்ட்டுக்கு இடைவெளிப் போர்ட்டையே வையுங்கள். டிரான்சிஸ்டருக்கு மட்டும் கிரவுண்ட் சார்ந்த போர்ட் தேவைப்படும்.

போர்ட்டின் அகலம் சிப்பின் அகலமாக, 0.8 மி.மீ. ஆக, இருக்கட்டும். ஒல்லியான கோடாக வைத்தால் மின்னோட்டம் நெருங்கி ஓடி, இல்லாத இண்டக்டன்ஸ் சேரும்.

நம் ஃபில்டரில் வெளியே இரண்டு, உள்ளே மூன்று, மொத்தம் ஐந்து போர்ட். எண்களைப் படத்தின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் 3-க்கும் 4-க்கும் இடம் மாறி, இண்டக்டர் கிரவுண்டுக்குப் போய் நின்றதை நிறையப் பார்த்தாகிவிட்டது. அப்போதும் ஏதோ ஒரு கோடு வரும், பார்ப்பவருக்குச் சந்தேகமும் வராது.

7. மெஷ்

6 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டினால், எஃப்ஆர்4-இல் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு என்பது சுமார் 1.2 மி.மீ. இந்த விதியை மட்டும் நம்பி மெஷ் போட்டால் 0.8 மி.மீ. இடைவெளி ஒரு செல்லுக்குள் (மெஷ்ஷின் ஒரு கட்டம்) மறைந்துவிடும். இங்கே மெஷ்ஷை ஆள்வது அலைநீளத்தைவிட இடைவெளிதான். அதன் குறுக்கே நான்கு செல், சப்ஸ்ட்ரேட் உயரத்தில் குறைந்தது நான்கு செல், வியாவுக்குக் குறுக்கே இரண்டு என்று தொடங்குங்கள்.

எஃப்டிடிடி முறையில் (புலத்தை நேரப்படி படிப்படியாகக் கணக்கிடும் முறை, ஓப்பன்இஎம்எஸ் இந்த ரகம்) உலோக விளிம்பை மெஷ் கோட்டின் மேலேயே வைக்காமல், ஒரு செல்லில் மூன்றில் ஒரு பங்கு உலோகத்துக்குள்ளும் மீதி வெளியிலும் வருமாறு வைப்பது வழக்கம். விளிம்பில் குவியும் புலம் அப்போதுதான் ஓரளவு சரியாக வரும். போர்ட்டும் லம்ப்டு எலிமென்டும் இதற்கு விதிவிலக்கு: அவற்றின் முனைகள் மெஷ் கோட்டில் சரியாக உட்கார வேண்டும். இல்லையென்றால் ஓப்பன்இஎம்எஸ் 'அன்யூஸ்டு பிரிமிடிவ்' என்று ஒரு வரி எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வரியைப் படிக்காவிட்டால், காம்பொனென்ட்டே இல்லாத போர்டைத்தான் விடிய விடிய ஓட்டியிருப்பீர்கள்.

செல் அளவை எல்லாத் திசையிலும் பாதியாக்கினால் செல் எண்ணிக்கை 8 மடங்கு, நேரப்படியும் பாதியாவதால் வேலை 16 மடங்கு. அதனால் தேவையான இடத்தில் மட்டும் நெருக்கி, பக்கத்துச் செல்கள் ஒன்றரை மடங்குக்கு மேல் திடீரென்று பெரிதாகாமல் விரித்துக்கொண்டு போங்கள்.

எஃப்டிடிடி-யில் ஒவ்வொரு போர்ட்டையும் தனியாகத் தூண்ட வேண்டும், ஐந்து போர்ட்டுக்கு ஐந்து ஓட்டம். ஒவ்வொன்றின் முடிவையும் தனித்தனி ஃபோல்டரில் உடனே சேமியுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிற்கும் நாளில் நாலாவது ஓட்டத்தோடு லேப்டாப் பேட்டரி தீர்ந்தால் முதல் மூன்று ஓட்டங்களாவது கையில் இருக்கும்.

8. காம்பொனென்ட் போடாமல் சோதியுங்கள்

ஐந்து போர்ட் கோப்பு கிடைத்ததும் கெபாசிட்டரைச் செருக ஓடாதீர்கள். முதலில், இண்டக்டர் போர்ட்டை 0 ஓமால் ஷார்ட் செய்து, இரண்டு கெபாசிட்டர் போர்ட்டையும் திறந்து விடுங்கள். வெறும் லைன் போல நடந்துகொள்ள வேண்டும். 1 கிகாஹெர்ட்ஸ் சுற்றில் எஸ்11 (உள்ளீட்டிலேயே திரும்பி வரும் அளவு) −20 டெசிபெல்லுக்குக் கீழே இல்லையென்றால் லைன் அகலத்திலோ போர்ட்டிலோ கோளாறு.

இரண்டாவது, ஒரே ஒரு கெபாசிட்டர் போர்ட்டை மட்டும் 0 ஓமால் ஷார்ட் செய்யுங்கள். லைனைக் கிரவுண்டில் கட்டிவிட்டோம், எஸ்21 அதலபாதாளத்துக்குப் போகும் என்று எதிர்பார்ப்பார்கள். 1 கிகாஹெர்ட்ஸில் கிடைப்பது 12 டெசிபெல் அளவுதான். இடைவெளியும் வியாவும் சேர்ந்த 1 நானோஹென்றி அங்கே 6.3 ஓம், அது அவ்வளவுதான் தடுக்கும். உங்களுக்கு 30 டெசிபெல் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், வியா எங்கேயோ தொலைந்திருக்கிறது.

மூன்றாவது, எஸ்11, எஸ்21 இரண்டின் வர்க்கங்களையும் கூட்டிப் பாருங்கள். எந்த அதிர்வெண்ணிலும் 1-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் பெரும்பாலும் ஆற்றல் அடங்கும் முன்பே ஓட்டத்தை நிறுத்தியிருப்பீர்கள். இறுதி அளவை −40-லிருந்து −50 டெசிபெல்லுக்கு இறக்கி மறுபடி ஓட்டுங்கள்.

9. காம்பொனென்ட் கோப்பைத் தயார் செய்து இணையுங்கள்

தயாரிப்பாளரின் எஸ்2பி கோப்பைத் திறந்து தலைவரியைப் படியுங்கள்: ஹெர்ட்ஸா கிகாஹெர்ட்ஸா, எண்கள் டெசிபெல்லா அளவா, ரெஃபரன்ஸ் 50 ஓமா. கோப்பின் அதிர்வெண் வரம்பு உங்கள் வரம்பை மூடுகிறதா என்றும் பாருங்கள். அதற்கு வெளியே சிமுலேட்டர் தானாக இழுத்து நீட்டும் கோட்டை நம்ப முடியாது.

டிரான்சிஸ்டர் கோப்பைக் கையால் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டச்ஸ்டோன் (எஸ்2பி கோப்புகளின் வடிவம்) முதல் பதிப்பில் இரண்டு போர்ட் கோப்பின் வரிசை எஸ்11, எஸ்21, எஸ்12, எஸ்22. மூன்று போர்ட்டும் அதற்கு மேலும் என்றால் எஸ்11, எஸ்12, எஸ்13 என்று வரிசை மாறும். கெபாசிட்டருக்கு வித்தியாசம் தெரியாது, ஆம்ப்ளிஃபையரில் கெயின் காணாமல் போகும்.

அடுத்து, அளந்த முறை. காம்பொனென்ட்டைத் தொடரில் வைத்து அளந்தார்களா, கிரவுண்டுக்கு வைத்து அளந்தார்களா என்பது கோப்பின் குறிப்பிலோ டேட்டாஷீட்டிலோ இருக்கும். தொடரில் அளந்த கோப்பென்றால், அதை ஒய்-பாராமீட்டராக (அட்மிட்டன்ஸ் அட்டவணை) மாற்றி, −1 ÷ ஒய்21 என்று எடுங்கள். அது தொடர்க் கையின் இம்பீடன்ஸை மட்டும் தரும். பேட்டிலிருந்து கிரவுண்டுக்கு உள்ள மின்தேக்கம் விலகிவிடும். அதை இஎம் ஏற்கெனவே எண்ணிவிட்டதால் விலகுவதுதான் சரி. கிரவுண்டுக்கு அளந்த கோப்பென்றால் 50 × எஸ்21 ÷ (2 × (1 − எஸ்21)). சைகிட்-ஆர்எஃப்-இல் இவை ஒவ்வொன்றும் ஒரே வரி.

இப்போது மூன்றாம் படியில் பேசிய 0.44-ஐக் கழிக்க வேண்டும். தயாரிப்பாளர் அளந்த போர்டின் தடிமனையும் பேட் அளவையும் குறிப்பில் தேடி, அதே அமைப்பைச் சிறிய இஎம் மாடலாக வரையுங்கள். இடைவெளிப் போர்ட்டை 0 ஓமால் ஷார்ட் செய்து, ரெஃபரன்ஸ் பிளேனை அவர்கள் வைத்த இடத்துக்கே நகர்த்தி, −1 ÷ ஒய்21 எடுங்கள். கிடைக்கும் இண்டக்டன்ஸைத் தயாரிப்பாளரின் இம்பீடன்ஸிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் போர்ட்டில் செருக வேண்டிய சரக்கு. சில சமயம் சிறு நெகட்டிவ் இண்டக்டன்ஸ் மிஞ்சும். பயப்பட வேண்டாம், இஎம் கூடுதலாக எண்ணியதை அது ஈடுகட்டுகிறது.

15 நானோஹென்றி இண்டக்டருக்கு இந்தக் கழித்தல் அவசியமில்லை. 0.44 என்பது அதில் 3 சதவீதம், வாங்கும் இண்டக்டரின் 5 சதவீத டாலரன்ஸிலேயே அது மூழ்கிவிடும். கிரவுண்டுக்குப் போகும் கெபாசிட்டருக்கு மட்டும் இந்த உழைப்பைச் செலவிடுங்கள்.

10. மதிப்புகளைத் திருத்துங்கள்

எல்லாம் இணைந்த கோட்டை ஐடியல் கோட்டின் மேல் வைத்தால், கட்-ஆஃப் கீழே இறங்கியிருக்கும். காரணம் எளிது. 1.14 நானோஹென்றி தொடரில் இருப்பதால் 3.3 பைக்கோஃபாரட் கெபாசிட்டர் 1 கிகாஹெர்ட்ஸில் சுமார் 3.9 பைக்கோஃபாரட் போல நடந்துகொள்கிறது. 2.7 போட்டால் 3.07 போல நடக்கும், நமக்குத் தேவையான 3.18-க்கு அது நெருக்கம்.

இண்டக்டரிலும் இதே கதை. 0.1 பைக்கோஃபாரட் உள் மின்தேக்கம் இருந்தால் 15 நானோஹென்றி 1 கிகாஹெர்ட்ஸில் 15.9 போலத் தெரியும், நாம் கேட்டதே அதுதான். அதனால் 16 நானோஹென்றியைத் தேடி அலைய வேண்டாம்.

மேலே போனால் கதை மாறும். 2.7 பைக்கோஃபாரட் போட்டால் 2.9 கிகாஹெர்ட்ஸ் தாண்டியதும் கெபாசிட்டர் இண்டக்டராகிவிடுகிறது, 4.1 தாண்டியதும் இண்டக்டர் கெபாசிட்டராகிவிடுகிறது. லோ-பாஸ் ஃபில்டர் அங்கே கிட்டத்தட்ட ஹை-பாஸாகத் திரும்பி நிற்கும். ஐடியல் கோட்டின் 36 டெசிபெல்லை 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் எதிர்பார்த்து ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள். பள்ளத்தை மேலே தள்ள வேண்டுமானால் கெபாசிட்டருக்கு இரண்டு வியா போடுங்கள். சரிபாதி ஆகாது, ஆனால் நல்ல பலன் உண்டு. இதற்கு மட்டும் இஎம்-ஐ மறுபடி ஓட்டியாக வேண்டும்.

கடைசியாக டாலரன்ஸ். கெபாசிட்டரை ±0.25 பைக்கோஃபாரட், இண்டக்டரை ±5 சதவீதம், டைஎலெக்ட்ரிக் மாறிலியை 4.2, 4.7 என்று மாற்றிப் பாருங்கள். எந்தக் கூட்டணியிலும் தேவை நிறைவேறுகிறதென்றால் போர்டை ஆர்டர் செய்யலாம்.

11. அளந்து ஒப்பிடுங்கள்

ஃபில்டர் போர்டிலேயே ஓரமாக, அதே இரண்டு எஸ்எம்ஏ கனெக்டரோடு வெறும் 50 ஓம் லைன் ஒன்றையும் அச்சடிக்கச் சொல்லுங்கள். கூடுதல் செலவு அநேகமாக இல்லை. கனெக்டரின் இழப்பையும் நீளத்தையும் கழிக்க இது ஒன்றே போதும்.

அளக்கும் கருவியின் வரம்பைப் பாருங்கள். முதலில் வந்த 900 மெகாஹெர்ட்ஸ் நானோவிஎன்ஏ-வில் (எஸ்-பாராமீட்டர் அளக்கும் கையடக்கக் கருவி) கட்-ஆஃப் கூட முழுதாகத் தெரியாது. பள்ளத்தைப் பார்க்க 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் ரகமாவது வேண்டும்.

ஒப்பிடும்போது முதலில் பள்ளத்தைப் பாருங்கள், பிறகு கட்-ஆஃப், கடைசியாக இழப்பு. பள்ளம் சிமுலேஷனைவிடக் கீழே விழுந்தால் இண்டக்டன்ஸ் கூடியிருக்கிறது: வியா துளை சிறியதா, சாலிடர் குவிந்து சிப் தூக்கி நிற்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். பள்ளம் சரியான இடத்தில் இருந்து கட்-ஆஃப் மட்டும் நகர்ந்திருந்தால் இண்டக்டரின் மதிப்பைச் சந்தேகியுங்கள். இரண்டும் சரியாக இருந்து பாஸ்-பேண்ட் இழப்பு மட்டும் கூடுதலென்றால் எஃப்ஆர்4-இன் லாஸ் டேன்ஜென்ட், அல்லது இழப்பில்லாத உலோகம் என்று விட்டுவைத்தது.

சீரான இடைவெளியில் சிற்றலைகள் ஓடினால் ஃபில்டரைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு இடங்களில் எதிரொலிப்பு நடக்கிறது, அலைகளின் இடைவெளியே தூரத்தைச் சொல்லிவிடும். இந்த போர்டின் மைக்ரோஸ்ட்ரிப்பில் 1 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு அலை என்றால் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே சுமார் 82 மி.மீ. ஸ்கேலை எடுத்து போர்டில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு கனெக்டர்களுக்கும் நடுவில் உள்ள தூரமாகவே இருக்கும். கனெக்டரின் நடு ஊசியில் சாலிடரைச் சரிசெய்து, கேபிள் முனையில் கேலிப்ரேஷனை மறுபடி செய்துவிட்டு அளங்கள்.